பாப்பாவின் கால் அளவு

லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து கடைசியா கிளம்பினது முன்பல்லு ரெண்டும் விழுந்த ஒரு வாண்டு. அவங்கப்பா மோட்டார் சைக்கிள்ல வந்து, பெட்டியைப் பின்னாடி கட்டி, அவளை முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனார். கேட்டைத் தாண்டுற வரைக்கும் கையாட்டினா. தாண்டினதுக்கப்புறம் ஒரு தடவைகூடத் திரும்பல. அம்மாகிட்டப் போற பிள்ளை எதுக்குத் திரும்பணும்? ஆனாலும் எனக்குச் சுருக்குன்னுச்சு. கேட்டைச் சாத்திட்டு உள்ள வந்தேன்.

நாங்க மிஷனரிங்க. நானும் எங்க வீட்டுக்காரரும். ஊரை விட்டு, உறவை விட்டு, இந்தப் புழுக்கம் பிடிச்ச நாட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. நம்ம ஊர் சபையில இருக்கிறவங்க, மிஷனரின்னா கையில பைபிளோட காட்டுக்குள்ள நடக்குற ஆளுங்கன்னு நினைச்சிட்டு இருக்காங்க. நான் பைபிளைத் தூக்குறதைவிட மெத்தையைத் தூக்குறதுதான் ஜாஸ்தி. நாப்பது பிள்ளைங்க தங்கிப் படிக்கிற ஹாஸ்டலுக்கு வார்டன். அவர் பகல்ல கணக்கு வாத்தியார், ஞாயித்துக்கிழமை பாஸ்டர், தண்ணி மோட்டார் நின்னுபோச்சுன்னா மெக்கானிக். பேன் பாக்குறது, நகம் வெட்டுறது, ஒருத்தி சோப்பை ஒருத்தி எடுத்துட்டா பஞ்சாயத்து பண்றது எல்லாம் என் தலையில.

செருப்பு வாங்குறதும் என் வேலைதான். ஸ்கூல் திறந்ததும் பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு, பிள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சு, ஒவ்வொருத்தர் காலைச் சுத்தியும் பென்சிலால கோடு போடுவேன். கூச்சம் தாங்காம சிரிச்சு உருளுங்க. வெட்டி எடுத்த பேப்பர் காலையெல்லாம் பையில போட்டுக் கடைக்குக் கொண்டு போவேன். இப்பல்லாம் அதுகூட வேண்டாம். எந்தப் பிள்ளைக்குன்னு சொன்னாலே அளவு என் வாயில வந்துடும். கடைக்காரர்கூட என்னைப் பாத்தா, "வந்துட்டாங்கப்பா, நாப்பது பிள்ளை பெத்தவங்க"ன்னு சிரிப்பார்.

பெத்தது ஒண்ணுதான். பாப்பா. பேருதான் பாப்பா, வயசு பதிமூணு. இங்க அவளுக்குத் தோதான பள்ளிக்கூடம் இல்லைன்னு, ஆறு வயசுல நம்ம ஊர்ல மிஷனரி பிள்ளைங்களுக்குன்னே இருக்கிற ஹாஸ்டல்ல சேத்துட்டோம். இங்க ஊர்ப்பட்ட பிள்ளைங்களுக்கு நான் தலை வாரி விடுறேன், அங்க என் பிள்ளைக்கு யாரோ ஒரு வார்டன் தலை வாரி விடுறாங்க. இதை நினைச்சா சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாது, அதனால நினைக்கிறதே இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மிஷன்ல அவளுக்கு டிக்கெட் போட்டு அனுப்புவாங்க. இந்த கிறிஸ்மஸ் லீவு எங்க முறை.

ஒரு மாசமா எனக்குத் தரையில கால் பாவல. ஸ்டோர் ரூமை ஒழிச்சு, சுண்ணாம்பு அடிச்சு, ஒரு கட்டில் போட்டேன். புதுக் கொசுவலை. ஜன்னலுக்கு நானே தெச்ச மஞ்சள் திரை. செருப்புக் கடைக்கும் போனேன். கடைக்காரர், "பேப்பர் எங்க?"ன்னார். "இது ஹாஸ்டலுக்கு இல்ல, என் பொண்ணுக்கு"ன்னேன். "அளவு?"ன்னார். பதினோரு வயசுல பாத்த காலை மனசுல வெச்சு, அதுக்கு மேல கொஞ்சம் கூட்டி, கையை விரிச்சுக் காட்டினேன். பூப் போட்ட செருப்பு ஒரு ஜோடி எடுத்துக் குடுத்தார். கட்டிலுக்குக் கீழ ஜோடியா வெச்சேன்.

இதுக்கு நடுவுல அந்த வீடியோ.

வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னாடி நம்ம ஊர் சபையில மிஷன் ஞாயிறுன்னு ஒண்ணு வெப்பாங்க. வெளிநாட்டுல இருக்கிற மிஷனரிங்க எல்லாரும் வீடியோ அனுப்பணும். அதைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுவாங்க. ஆபீஸ்ல இருந்து செயலாளர் ஐயா ஒருத்தர் போன் பண்ணுவார். "அம்மா, போன வருஷம் முகம் கொஞ்சம் வாட்டமா இருந்துச்சு. தாங்குறவங்க மனசு உற்சாகமாகணும் பாருங்க"ம்பார். தாங்குறவங்கன்னா எங்களுக்குக் காணிக்கை அனுப்புறவங்க. அவங்க உற்சாகமா இருந்தாத்தான் எங்க அடுப்பு எரியும்.

பிள்ளைங்க லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே எடுத்துடுவோம்னு எங்க வீட்டுக்காரர் போனை நாலு பாட்டுப் புத்தகத்து மேல சாய்ச்சு வெச்சார். என்னை நடுவுல நிக்க வெச்சு, பின்னாடி நாப்பது பேரையும் அடுக்கினார். வேர்வை முதுகுல ஓடுது. நான் சொல்ல வேண்டியது இதுதான்: "ஆண்டவருடைய கிருபையால எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்லை. இந்த நாப்பது பேரும் எங்க பிள்ளைகள். இவங்கதான் எங்க குடும்பம்." முதல் தடவை நாய் குறுக்க வந்துச்சு. ரெண்டாவது தடவை ஒருத்தி இன்னொருத்தி ஜடையைப் பிடிச்சு இழுத்தா.

"சிரிச்சுச் சொல்லேன். பல்லு வலிக்காரி மாதிரி நிக்கிற"ன்னார் இவர்.

"நீங்க வந்து நின்னு பாருங்க, தெரியும்"னேன்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை தோணுச்சு. பிள்ளைங்க என்னை இந்த ஊர் பாஷையில 'டீச்சர்'னுதான் கூப்பிடுவாங்க. அதுங்களுக்கு நம்ம பாஷையில ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தார். நான் பேசி முடிச்சதும் எல்லாரும் ஒண்ணா கத்தணும். "நம்ம சபையார் கேட்டா உருகிடுவாங்க"ன்னார். நான் பேசி முடிச்சேன், சிரிச்சேன். நாப்பது பேரும் தொண்டை கிழிய "அம்மா!"ன்னு கத்தினாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ரொம்ப நல்லா வந்திருக்குன்னு இவருக்கு ஒரே பெருமை. அன்னிக்கே ஆபீசுக்கு அனுப்பிட்டார்.

வாண்டு கிளம்பிப் போன மறுநாள் என் அக்கா போன் பண்ணினா. லீவு விட்டதும் பாப்பாவை ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்து, பிளைட் ஏத்தி விடுறது அவ பொறுப்பு.

"ஏய், ஒண்ணு சொல்லுவேன், பதறக் கூடாது."

"இப்படி ஆரம்பிச்சா பதறாம? என்ன, ஜுரமா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா. அங்க வரலைங்குறாடி."

எனக்குப் புரியவே இல்லை. "எங்க வரல?"

"உங்ககிட்டதான். பெட்டி கட்டுன்னா கட்ட மாட்டேங்குறா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. 'பெரியம்மா, நான் இங்கயே இருந்தா உங்களுக்குத் தொந்தரவா?'ன்னு கேக்குறா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"போனை அவகிட்டக் குடு."

கொஞ்ச நேரம் குசுகுசுன்னு சத்தம். அப்புறம் அக்கா, "குளிச்சிட்டு இருக்காடி"ன்னா. போன் பக்கத்துல ரெண்டு பேரோட மூச்சு கேட்டுச்சு. குளிக்கிறவ எப்படி இங்க வந்து மூச்சு விடுவா? நான் அதைக் கேக்கல. சரி, அப்புறம் பேசுறேன்னு வெச்சிட்டேன்.

இவர்கிட்டச் சொன்னேன். அந்தப் பாழாப்போன பாஸ்டர் குரல்ல ஆரம்பிச்சார். "பெரிய பொண்ணாயிட்டா இல்ல. சிநேகிதிங்ககூட இருக்கணும்னு ஆசை இருக்கும். நாம புரிஞ்சுக்கணும். எல்லாம் நன்மைக்குத்தான்."

"எது நன்மை? அந்தக் கட்டில்ல யாரு படுப்பா, நீங்களா?"ன்னு கேட்டேன். ஸ்பானரை எடுத்துட்டு மோட்டார் ரூமுக்குப் போயிட்டார். அந்த மோட்டாருக்கு அன்னிக்கு ஒரு கோளாறும் இல்லை.

அப்புறம் லீவு. லீவுன்னா எங்களுக்கு மெத்தை காயப் போடுற காலம். நாப்பது மெத்தையையும் ஒண்ணொண்ணா முதுகுல சுமந்து முத்தத்துல போட்டு, குச்சியால அடிச்சு, மதியத்துக்கு மேல மழை வர்றதுக்குள்ள திரும்ப உள்ள கொண்டு வரணும். அந்த வாரம் நான் அடிச்ச அடியில ரெண்டு மெத்தை கிழிஞ்சே போச்சு. யார் மேல கோவம்னு எனக்கே தெரியல. அவ மேலயா, இவர் மேலயா, ஆண்டவர் மேலயா. எல்லார் மேலயும்தான்.

ஹாஸ்டலோட சத்தம் அது இருக்கும்போது தலைவலி. இல்லாதப்போ காது அடைச்ச மாதிரி ஆயிடும். தண்ணித் தொட்டியில குழாய் சொட்டுறது, தகரக் கூரை வெயில்ல டொக் டொக்னு விரியுறது, இதுதான் சத்தம். நீளமான சாப்பாட்டு ஹால்ல ஒரு மூலையில நாங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். பழக்க தோஷத்துல சோத்தை வடிச்சா ஒரு ஊருக்கே காணும். தினமும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். தூங்குறா, கடைக்குப் போயிருக்கா, தலை காயவெக்கிறா. என் பொண்ணு தலை அந்த ஒரு வாரத்துல காஞ்ச மாதிரி வேற யார் தலையும் காஞ்சிருக்காது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னு இருந்துச்சு. அவ வராட்டியும் போகட்டும், என்னத்துக்கு என்மேல கோவம்னு அவ வாயால கேக்கணும்.

கிறிஸ்மஸ் அன்னிக்கு ஆராதனைக்கு வந்தது மூணு பேர். நான், வாட்ச்மேன், வாட்ச்மேனோட நாய். சமையல்காரம்மா முதற்கொண்டு எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. இவர் பேன்ட்டைத் தேச்சுப் போட்டு, முழுப் பிரசங்கமும் பண்ணினார், ஒரு வரி விடாம. "அன்பானவர்களே"ன்னு அவர் சொல்றப்பல்லாம் நாய் தலையைத் தூக்கிப் பாத்துச்சு. முடிஞ்சதும் வாட்ச்மேன் கை குடுத்துட்டு, "பொண்ணு வருதுன்னு ரூமெல்லாம் வெள்ளையடிச்சீங்களே மேடம், எங்க?"ன்னார். "வரல"ன்னேன். பாவம், அவருக்கு ஏன் கேட்டோம்னு ஆயிடுச்சு. நாயைக் கூட்டிட்டுக் கேட்டுப் பக்கம் போயிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வெச்சேன். மூணு தட்டு வெச்சிருந்தேன். இவர் பாத்துட்டு மூணாவதை எடுத்து மெதுவா அலமாரியில வெச்சார். அப்பத்தான் போன் அடிச்சுச்சு.

"ஹேப்பி கிறிஸ்மஸ்மா." பாப்பாதான். நேரா அவளே.

"செல்லம்! சாப்பிட்டியாடா? புதுத் துணி போட்டியா?"

"ம். சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

என்னை நீ, வா, போன்னு பேசுற பொண்ணு. யாரோ டீச்சர்கிட்டப் பேசுற மாதிரிப் பேசினா. இவர் எதிர்ல உக்காந்து, கேக்காத, கேக்காதன்னு கையைக் காட்டுறார். நான் கேட்டுட்டேன். "பாப்பா, ஏண்டா வரல? அம்மா என்ன பண்ணினேன்?"

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்."

"என்ன பேச்சு இது?"

"உங்க வீடியோ பாத்தேன். சர்ச்சுல, பெரிய ஸ்கிரீன்ல. எல்லாரும் கை தட்டினாங்க. பக்கத்துல இருந்த ஆன்ட்டி ஒருத்தங்க அழுதுட்டாங்க. என் தோளைத் தட்டி, 'உங்கம்மா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாத்தியா'ன்னு கேட்டாங்க."

இவர் கை அப்படியே மேஜை மேல நின்னுடுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்.

"ஒரு குறையும் இல்லைன்னு சொன்னீங்க. இவங்கதான் எங்க குடும்பம்னு சொன்னீங்க. எல்லாரும் உங்களை அம்மான்னு கூப்பிட்டாங்க."

"அது அப்பா சொல்லிக் குடுத்ததுடா, வீடியோவுக்காக..."

"வருஷா வருஷம் இதேதான் சொல்றீங்க. குறையே இல்லைன்னா அப்புறம் நான் எதுக்கு? நான் வந்து நாப்பத்தொண்ணாவதா வரிசையில நிக்கவா?" குரல் உடைஞ்சிடுச்சு. "சரிம்மா, வெக்கிறேன். பெரியம்மா கூப்பிடுறாங்க."

வெச்சிட்டா.

எட்டு வருஷமா நாங்க வீடியோவுல சொன்ன சாட்சியைச் சபையில யார் நம்பினாங்களோ, நம்பலையோ, என் பொண்ணு நம்பிட்டா. ஒரு வரி விடாம நம்பியிருக்கா. நான் இவரைப் பாத்தேன். இவர் தட்டைப் பாத்துட்டு இருந்தார்.

"அது சபையாருக்குச் சொன்னதுதானே"ன்னார், மெல்ல.

"அவ எங்க உக்காந்திருந்தா? சபையிலதானே உக்காந்திருந்தா! உருகிடுவாங்கன்னீங்களே, பாத்தீங்களா உருகினதை?" அந்தப் பெரிய ஹால்ல என் குரல் எனக்கே நாராசமா கேட்டுச்சு. கத்திட்டு, உக்காந்து அழுதேன். எட்டு வருஷத்துல இவர் முன்னாடி நான் அப்படி அழுதது இல்லை. மிஷனரி பொண்டாட்டி அழுதா ஊழியக்காரர் தளந்துடுவாராம். கல்யாணத்துலயே யாரோ சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு அதையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டேன்.

கண்ணைத் துடைச்சிட்டு எழுந்தேன். "போனை எடுத்துட்டு வாங்க. இன்னொரு வீடியோ எடுக்கணும்."

"இப்பவா? முகம் எப்படி இருக்குன்னு பாரு. இதை ஆபீசுக்கு அனுப்ப முடியாது."

"ஆபீசுக்கு யாரு அனுப்பச் சொன்னா?"

ஸ்டோர் ரூமுக்குப் போய் அந்தக் கட்டில்ல உக்காந்தேன். தலை கலைஞ்சிருக்கு, மூக்கு சிவந்திருக்கு. இவர் போனைக் கையில பிடிச்சிட்டு நின்னார். சிரின்னு சொல்லல.

"பாப்பா, அம்மா பேசுறேன். எனக்குக் குறை இருக்குடி. இங்க பாரு, இது உன் கட்டில். நீ வரலைன்னு தெரிஞ்சும் தினமும் தூசி தட்டுறேன். இந்தத் திரை உனக்காகத் தெச்சது. அந்த நாப்பது பேரும் நல்ல பிள்ளைங்கதான். ஆனா லீவு விட்டதும் அதுங்க அம்மாகிட்ட ஓடிடுச்சுங்க. அதுங்களுக்கு அம்மா இருக்காங்க. எனக்குத்தான் யாரும் ஓடி வரல." குனிஞ்சு செருப்பை எடுத்துக் காட்டினேன். "இங்க இருக்கிற ஒவ்வொரு பிள்ளை கால் அளவும் எனக்கு மனப்பாடம். கடையில உன் அளவு கேட்டாங்க, எனக்குத் தெரியல. பெத்தவளுக்குத் தெரியல. கையை விரிச்சுக் காட்டி இதை வாங்கினேன். இது உனக்குச் சரியா இருக்குமான்னுகூட எனக்குத் தெரியாதுடி."

அதுக்கு மேல என்னால முடியல. இவர் நிறுத்துவார்னு பாத்தேன். நிறுத்தல. போனைத் தன் பக்கம் திருப்பினார். கணக்கு வாத்தியார், பாஸ்டர், எதுக்கும் பிரசங்கம் வெச்சிருக்கிற மனுஷன். "பாப்பா, அப்பா..."ன்னார். உதடு கோணிப்போச்சு. அவ்வளவுதான் அந்த வீடியோல அவர் பேசினது. அப்படியே அனுப்பிட்டோம்.

மழை பிடிச்சுக்கிச்சு. மெத்தை எதுவும் வெளிய இல்லைங்கிறதே ஞாபகம் இல்லாம ரெண்டு பேரும் முத்தத்துக்கு ஓடினோம், திரும்பி வந்தோம். இவர் சிரிச்சார், எனக்கும் சிரிப்பு வந்துச்சு. விளக்கு போடுற நேரத்துக்குப் போன் முணுக்குன்னுச்சு. ஒரு போட்டோ. நியூஸ்பேப்பர் மேல ஒரு கால், சுத்தி பென்சில் கோடு, ஓரத்துல பென்சில் பிடிச்ச அக்கா கை. பேப்பர் காலைப் பத்தி அவளுக்கு எப்பவோ நான்தான் கதை கதையா சொல்லியிருக்கேன். கீழ எழுதியிருந்தா:

"அந்தச் செருப்பு எனக்குப் பத்தாது. இப்ப பெரியம்மா செருப்பைத்தான் போடுறேன். ஏப்ரல் லீவுக்கு வர்றப்போ இன்னும் வளந்துடும். ஒரு சைஸ் பெரிசா வாங்கி வை."

அக்கா செருப்பும் என் செருப்பும் ஒரே அளவு. கல்யாணம் ஆகுற வரைக்கும் மாத்தி மாத்திப் போட்டு, அதுக்காகவே அடிச்சுக்குவோம். அப்போ என் பொண்ணு கால் இப்போ என் கால் அளவு. நான் பாக்காம அவ்வளவு வளந்திருக்கு. இவர் போனை வாங்கி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, திரும்பத் திரும்பப் படிச்சார்.

"ஏப்ரல்ல டிக்கெட் நம்ம முறை இல்லையே"ன்னேன்.

"செயலாளர் ஐயாகிட்ட நான் பேசுறேன்"னார். "குறை இருக்குன்னு சொல்றேன்."

புது வருஷம் கழிஞ்சு கடை திறந்த அன்னிக்கே அந்தப் பூச் செருப்பை எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் மாத்திக் குடுத்தார். புது ஜோடியைக் கீழ போட்டு, என் காலை நுழைச்சு, கடைக்குள்ளேயே நடந்து பாத்தேன். பின்னாடி ஒரு விரல் அளவு நீட்டிட்டு, சரக் சரக்னு இழுத்துச்சு.

"மேடம், இது உங்களுக்குப் பெரிசு. சின்னதா ஒண்ணு தரட்டுமா?"ன்னார்.

"வேண்டாம், எனக்கில்ல"ன்னேன். "என் பொண்ணு வர்றா."